விளக்கை அணைக்காமல் பார்ப்பவள்

இந்த இதழில் பேய், கொலை, துப்பு பற்றிய கேள்விகளுக்கு மட்டும் பதில். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் விமர்சகி இல்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் 38 வருடம் வேலை பார்த்துவிட்டு, இப்போது திண்டுக்கல்லில் மருமகள் கட்டும் சந்தாவில் படம் பார்க்கிறவள். அந்தக் கணக்கில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

ராத்திரியில் தனியாக உட்கார்ந்து பேய்ப் படம் பார்க்கும் தைரியம் உண்டா அக்கா?
– வாசகி, காரைக்குடி

ராத்திரியில் பார்ப்பேன், தனியாகவும் பார்ப்பேன். விளக்கை மட்டும் அணைக்க மாட்டேன். ஹாலில் டியூப்லைட், அடுப்படியில் ஒரு சின்ன பல்பு, இரண்டும் எரிய வேண்டும். "டியூப்லைட் வெளிச்சத்துல பேய்ப் படம் பாக்குற ஒரே ஆளு நீங்கதான் அப்பத்தா" என்று பேரன் கேலி செய்வான். அவனுக்கென்ன, போர்வைக்குள் போனைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறவன்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. 'பிரமயுகம்' பார்த்த அன்று, திரை இருண்டபோதெல்லாம் டிவி கண்ணாடியில் என் ஹால்தான் தெரிந்தது. ஒரு காட்சியில் மூலையில் யாரோ அசையாமல் நிற்கிறார்கள். யார் இந்த ஆள், எப்போது உள்ளே வந்தான் என்று ஐந்து நிமிடம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். எனக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய என் வீட்டுக்காரருடைய சட்டை.

சமீபத்தில் பார்த்ததில் நிஜமாகவே பயந்தது எது?
– வாசகர், நாகர்கோவில்

சட்டையைத் தவிர என்றால், இரண்டு மலையாளப் படங்கள். இரண்டையும் இயக்கியவர் ராகுல் சதாசிவன். 2022-இல் வந்த 'பூதகாலம்', 2024-இல் வந்த 'பிரமயுகம்'.

முதல் படத்தில் இருப்பது ஒரு வாடகை வீடு, ஒரு அம்மா, வேலை கிடைக்காத மகன். பாட்டி இறந்துபோகிறாள். அவ்வளவுதான் முதலீடு. அம்மாவாக ரேவதி. அம்மாவும் மகனும் ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டு பேச வேண்டியதைப் பேசாமல் இருப்பதுதான் பாதிப் படம். பேய் வருவதற்கு வெகு நேரம் முன்பே எனக்கு வயிறு கலங்கிவிட்டது. அந்த மாதிரி வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். தட்டை வைக்கும் சத்தமும் ஃபேன் சத்தமும் தவிர வேறு சத்தமே கேட்காது. அப்புறம், வாடகை வீட்டில் காலம் தள்ளியவர்களுக்கு இன்னொன்றும் புரியும். நமக்கு முன்னால் யார் குடியிருந்தார்கள், ஏன் காலி செய்தார்கள் என்பதை எந்த ஓனரும் வாய் திறந்து சொல்ல மாட்டார். நிலைக்கதவில் பாதி கிழிந்த ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். சுவரில் பென்சிலால் ஒரு குழந்தையின் உயரத்தைக் குறித்திருப்பார்கள். அந்தக் கோடு ஒரு உயரத்தோடு நின்றுபோயிருக்கும். அதைப் பார்த்து என்னென்ன நினைப்போம்? அதையெல்லாம் இந்தப் படம் தட்டி எழுப்பிவிட்டது.

'பிரமயுகம்' வேறு ரகம். முழுக்கக் கறுப்பு வெள்ளை. 17-ஆம் நூற்றாண்டுக் கேரளம். உயிர் தப்பி ஓடிவரும் ஒரு பாணன், பாழடைந்த மனைக்குள் நுழைகிறான். நம் புறநானூற்றில் பசியோடு யாழைத் தூக்கிக்கொண்டு வள்ளல் வாசலைத் தேடிப் போகிறானே, அதே பாணன்தான். இவனுக்கு வாய்த்த வள்ளல்தான் சரியில்லை. மனைக்கு உடையவர் மம்மூட்டி. சோறு போடுகிறார், பாடச் சொல்கிறார், சிரிக்கிறார். அந்தச் சிரிப்பு இருக்கிறதே! பிறகு தாயம் ஆடக் கூப்பிடுகிறார். பந்தயம் வைக்க என்னிடம் எதுவும் இல்லையே என்கிறான் பாணன். உன் நேரத்தை வை என்கிறார் அவர்.

அந்த இடத்தில் ரிமோட்டை அமுக்கி நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன். 38 வருடம் ஷிப்ட் பார்த்தவளிடம் போய் நேரத்தைப் பணயம் வை என்றால் எப்படி இருக்கும்?

காஞ்சனா, அரண்மனை வகைப் படங்களைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டேன் என்கிறீர்களே, இளக்காரமா?
– வாசகர், பொள்ளாச்சி

ஐயோ, இல்லை. 2007-இல் 'முனி' வந்ததிலிருந்து எங்கள் வீட்டில் பொங்கல், தீபாவளிக்கு மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் ஏதாவது ஒரு பேய் டிவியில் ஆடிக்கொண்டுதான் இருக்கிறது. கோவை சரளா இடுப்பில் லாரன்ஸ் ஏறி உட்காரும்போது இன்றைக்கும் சிரிப்பேன். 2011-இல் வந்த 'காஞ்சனா'வில் சரத்குமார் செய்த திருநங்கை பாத்திரத்துக்கு அழுதும் இருக்கிறேன். பேய் ஏன் வந்தது என்பதற்கு உருப்படியான காரணம் இருந்தால், நடுவில் எத்தனை கூத்தடித்தாலும் நான் பொறுத்துக்கொள்வேன்.

'அரண்மனை' 2024-க்குள் நான்கு பாகம் ஆகிவிட்டது. நான்காவதில் அசாம் பக்கத்து 'பாக்' என்ற பேயைக் கொண்டுவந்திருக்கிறார்கள். நம்மூரில் புளியமரத்துக்கு ஒன்று வீதம் இருக்க, அவ்வளவு தூரம் போய் ஏன் அழைத்து வந்தார்கள் என்று யோசித்தேன். படம் நன்றாக ஓடியது. பேரன் இரண்டு தடவை பார்த்தான். எனக்கு ஒரு தடவை போதும்.

சுழல், வதந்தி மாதிரி தொடர்களுக்கு எட்டு மணி நேரம் செலவழிப்பது தகுமா?
– வாசகி, மதுரை

எட்டு எபிசோடு ஓடும் எந்தக் கதையிலும் ஆறு எபிசோடுக்குத்தான் சரக்கு இருக்கிறது என்பது என் அனுபவக் கணக்கு. மீதி இரண்டில் போலீஸ்காரர்கள் ஜீப்பில் ஏறுவார்கள், இறங்குவார்கள்.

'சுழல்' முதல் பருவம், 2022-இல் வந்தது, அந்தக் கணக்கைக் கொஞ்சம் மீறியது. அதற்குக் காரணம் கொலையோ துப்போ இல்லை, மயானக் கொள்ளை. ஒரு பக்கம் தொழிற்சாலை தீப்பிடித்து எரிகிறது, ஒரு பெண் காணாமல் போகிறாள். இன்னொரு பக்கம் ஊரில் அங்காளம்மன் திருவிழா நாள் நாளாக முற்றிக்கொண்டே போகிறது. மயானக் கொள்ளை மாசி மாதம், சிவராத்திரிக்கு மறுநாள் நடப்பது. மேல்மலையனூரில் அது பெரிய விழா. என் தோழி ஒருத்தியுடன் ஒருமுறை போயிருக்கிறேன். பிரம்மனின் கபாலம் சிவன் கையில் ஒட்டிக்கொண்ட கதையை அங்கே யாரும் கதையாகச் சொல்வதில்லை. அம்மன் வேடம் கட்டி, முகத்தில் சாயம் பூசி, சுடுகாட்டை நோக்கி ஓடுகிறார்கள். நம் பக்கத்தில் நிற்பவர் நேற்று நமக்கு டீ போட்டுக் கொடுத்தவரா, வேறு யாராவதா என்று அந்த நேரத்தில் தெரியாது. முகமூடி போட்ட கொலைகாரன் என்று வெளிநாட்டுப் படங்களில் பயமுறுத்துகிறார்களே, இங்கே ஒரு ஊரே முகம் மாற்றிக்கொண்டு நிற்கிறது. அதைக் கதைக்குள் கொண்டுவந்த மூளையைப் பாராட்ட வேண்டும். 2025-இல் வந்த இரண்டாவது பருவத்தில் அஷ்டகாளி விழா. குலசை தசராவை நினைவுபடுத்தும் நிறமும் கூட்டமும் இருந்தன, சரி. ஆனால் முதல் பருவத்தில் திருவிழா கதையை இழுத்துக்கொண்டு போனது, இதில் கதைதான் திருவிழாவை இழுத்துக்கொண்டு போகிறது. எனக்குக் கொஞ்சம் மூச்சு வாங்கியது.

'வதந்தி' எனக்கு இன்னும் பிடித்தது. இறந்துபோன பெண் வெலோனியைப் பற்றி ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். ஒவ்வொருவர் சொல்லும்போதும் வேறு வேறு வெலோனி. எஸ்.ஜே. சூர்யா அதில் எது நிஜம் என்று தேடித் தேடித் தன் வீட்டையே மறந்துபோகிறார். லைனில் காதில் விழுந்ததை வெளியே சொல்லக் கூடாது என்பது எங்கள் வேலையில் முதல் பாடம். ஒரு ஊரில் ஒரு பெண்ணைப் பற்றி ராத்திரி பத்து மணிக்குப் புறப்படும் பேச்சு, காலை ஆறு மணிக்குள் எத்தனை கை கால் முளைத்து நிற்கும் என்று நான் ஹெட்போனில் கேட்டிருக்கிறேன். அதனால்தானோ என்னவோ, அந்தத் தொடரில் யார் கொன்றார்கள் என்பதைவிட யார் யார் பேசினார்கள் என்பதையே கவனித்துக்கொண்டிருந்தேன்.

'இன்ஸ்பெக்டர் ரிஷி' பத்து எபிசோடு. காடும் பூச்சிகளும் அருமை. நடுவில் இரண்டு எபிசோடு தூங்கிப்போனேன். எழுந்து பார்த்தால் கதை எனக்காகக் காத்திருந்தது.

அது ஏன் எல்லாப் பேயும் பெண்ணாகவே இருக்கிறது? ஆண்கள் யாரும் சாவதில்லையா?
– கல்லூரி மாணவி, வேலூர்

நல்ல கேள்வி. எனக்கும் உங்கள் வயதில் வந்தது. அப்போது என் பெரியம்மா பதிலாகச் சொன்னது பழையனூர் நீலி கதை. திருவாலங்காட்டுப் பக்கம் நடந்ததாகச் சொல்வார்கள். பலவிதமாகச் சொல்லப்படும் கதை அது. நான் கேட்டதைச் சொல்கிறேன்.

ஒருவன் தன் மனைவியைக் கொன்றுவிடுகிறான். மறு பிறவியில் அவன் வணிகன், அவள் பேய். அவன் கையில் மந்திர வாள் இருப்பதால் அவளால் நெருங்க முடியவில்லை. அவன் பழையனூருக்கு வருகிறான். அவள் ஒரு கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ஊர்ச் சபையில் போய் நின்று, இவர் என் கணவர், என்னைக் கைவிட்டு ஓடுகிறார் என்று அழுகிறாள். அவன் இது பேய் என்கிறான். குழந்தையை இறக்கிவிடச் சொல்கிறார்கள். அது நேராக அவனிடம் போய் ஒட்டிக்கொள்கிறது. இதைவிட என்ன சாட்சி வேண்டும்? வேளாளர்கள் எழுபது பேரும், உன் உயிருக்கு எங்கள் உயிர் பிணை என்று வாக்குக் கொடுத்து, வாளை வாங்கி வைத்துக்கொண்டு, இருவரையும் ஒரு வீட்டுக்குள் அனுப்பிக் கதவைச் சாத்துகிறார்கள். விடிந்தால் அவன் பிணம். சொன்ன சொல்லுக்காக எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள்.

இதில் எல்லாம் இருக்கிறது பாருங்கள். நீதிமன்றக் காட்சி, பொய்ச் சாட்சி, பூட்டிய அறை. இத்தனை நேர்த்தியான ஒரு மர்மக் கதையை எந்தத் தொடரிலும் நான் பார்க்கவில்லை. ஆனால் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. பொய் அழுகைக்கு 'நீலிக் கண்ணீர்' என்று இன்றுவரை சொல்கிறோம். தீயில் இறங்கிய எழுபது பேர் ஞாபகம் இருக்கிறது. முதலில் விழுந்த கொலை யாருடையது என்பது மட்டும் பேச்சு வழக்கில் உதிர்ந்துபோய்விட்டது. உயிரோடு இருக்கும்போது அவள் சொல்லை எந்தச் சபையும் கேட்டிருக்காது. செத்த பிறகு வந்து பொய் சொன்னாள், எழுபது பேரும் நம்பினார்கள். பெண்ணே பேயாவது ஏன் என்ற உங்கள் கேள்விக்கு என் பெரியம்மா இதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டாள்.

மிஷ்கினின் 'பிசாசு' (2014) பார்க்கவில்லை என்றால் பாருங்கள். அதிலும் பெண் பேய்தான். ஆனால் அது யாரையும் பழிவாங்க வருவதில்லை. அப்படியொரு பேய் நம் படங்களுக்குப் புதுசு.

என் கணவர் படம் ஆரம்பித்த பத்தாவது நிமிடம் போனில் தேடிப் பார்த்துக் கொலையாளி யாரென்று சொல்லிவிடுகிறார். விவாகரத்து தவிர வேறு வழி உண்டா?
– வாசகி, தாம்பரம்

எங்கள் வீட்டில் அந்த வேலையைப் பேரன் செய்வான். 'ராட்சசன்' அப்படித்தான் எனக்குப் பாழானது. லண்டனில் 1952-இல் தொடங்கிய 'மௌஸ்ட்ராப்' நாடகத்தில், முடிவை வெளியே சொல்லாதீர்கள் என்று பார்வையாளர்களை நடிகர்களே கேட்டுக்கொள்வார்களாம். நம் வீட்டு ஹாலில் யார் கேட்கிறார்கள்?

இரண்டு மருந்து சொல்கிறேன். ஒன்று, எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்'. 1954-இல் வந்த படம், ஒரு பாட்டுக் கூடக் கிடையாது. சென்னை மேல் ஜப்பான்காரன் குண்டு போட்ட 1943-ஆம் வருடத்து நாளை ஒட்டிய கதை. எடுத்த எடுப்பில் சிவாஜி சுடப்பட்டுச் சாகிறார். யார் சுட்டது என்று ஒவ்வொருவரும் மற்றவரைக் கை காட்டுகிறார்கள். நான் நான்கு தடவை பார்த்திருக்கிறேன். முடிவு தெரிந்த பிறகு பண்டரிபாயின் முகத்தை மட்டும் பார்ப்பதற்காகவே இரண்டாம் தடவை பார்க்கலாம். ஏன் என்று சொல்ல மாட்டேன். உங்கள் கணவர் வேண்டுமானால் சொல்லட்டும்.

இரண்டாவது, 2024-இல் வந்த மலையாளப் படம் 'கிஷ்கிந்தா காண்டம்'. தேர்தல் நேரம். லைசென்ஸ் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். ஓய்வு பெற்ற ராணுவக்காரரான பெரியவர், விஜயராகவன், தன் துப்பாக்கியைக் காணோம் என்கிறார். வீட்டைச் சுற்றிக் காடு, காடு முழுக்கக் குரங்கு. அந்த வீட்டுக் குழந்தை ஒன்று ஏற்கெனவே காணாமல் போயிருக்கிறது. பெரியவருக்கு ஞாபகம் நழுவிக்கொண்டிருக்கிறது, ஆனால் அதை யாரிடமும் காட்டிக்கொள்ள மாட்டார். இந்தப் படத்தின் முடிவை ஒரு வரியில் சொல்லிவிடலாம். சொன்னாலும் படம் போகாது.

என் மாமனாருக்குக் கடைசி மூன்று வருடம் அப்படித்தான் இருந்தது. பென்ஷன் புத்தகத்தை அரிசி டின்னுக்குள் வைத்துவிட்டு, யாரோ திருடிவிட்டார்கள் என்று எங்கள் ஒவ்வொருவரையும் நிற்கவைத்து விசாரிப்பார். மாஜி ஹெட்மாஸ்டர். கேள்விகள் கச்சிதமாக இருக்கும். "ராத்திரி எட்டு மணிக்கு மேல் இந்த அறைக்குள் வந்தது யார்?" புத்தகத்தை எடுத்துக் கொடுத்தால் இன்னும் வம்பு, நீதான் எடுத்தாயா என்பார். அதனால் அரிசி அளக்க அவரையே கூப்பிடுவேன். அவரே கண்டுபிடிப்பார். குற்றவாளி யாரென்று மட்டும் அப்புறம் கேட்க மாட்டார். படத்தில் அந்தப் பெரியவர் தோட்டத்தில் எதையோ எரித்துக்கொண்டு நின்றபோது எனக்கு அரிசி டின் மூடியின் சத்தம் கேட்டது.

'மர்மதேசம்' ஞாபகம் இருக்கிறதா?
– வாசகர், திருச்சி

இதென்ன கேள்வி. அந்தத் தொடருக்காக ஷிப்ட் மாற்றிக்கொண்டவள் நான். இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, நாகா இயக்கியது. அதில் வந்த 'விடாது கருப்பு' கதையில் குதிரைக் குளம்படிச் சத்தம் கேட்டதும் தெருவில் டிவி இருந்த எல்லா வீட்டிலும் பேச்சு நிற்கும். தப்பு செய்தவனைக் கருப்பு தண்டிக்கிறதா, கருப்பு பெயரில் யாரோ தண்டிக்கிறார்களா என்று எக்ஸ்சேஞ்சில் இரண்டு கட்சி. நான் இரண்டாவது கட்சி. என் கட்சிக்காரி ஒருத்தி கருப்பசாமி கோயிலைத் தாண்டும்போது மட்டும் கட்சி மாறிவிடுவாள்.

யூடியூபில் மறுபடி பார்த்தேன். வெளிச்சம் மங்கல், சில இடங்களில் நாடகத்தனம். ஆனாலும் ஒரு வாரம் காத்திருந்து பார்த்த பயம், எட்டு எபிசோடையும் ஒரே ராத்திரியில் பார்க்கும்போது வருவதில்லை. இடைப்பட்ட ஆறு நாளும் அந்தக் கருப்பு நம் வீட்டில்தானே குடியிருந்தது. இந்திரா சௌந்தர்ராஜன் 2024 நவம்பரில் மதுரையில் காலமானார். அன்று ராத்திரி முதல் எபிசோடைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

பத்து வயதுப் பிள்ளைகளுக்கு இவற்றைக் காட்டலாமா?
– வாசகி, சேலம்

சென்சாரில் இப்போது யு/ஏ-வையே 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். 'ராட்சசன்', 'போர் தொழில்' போன்றவை வேண்டவே வேண்டாம். பேயைக்கூடப் பிள்ளைகள் தாங்கிக்கொள்கிறார்கள். மனுஷன் செய்வதைத்தான் தாங்க மாட்டார்கள்.

அத்தனை வருடம் நைட் டியூட்டி பார்த்திருக்கிறீர்கள். நீங்களே ஏதாவது பார்த்ததுண்டா?
– வாசகர், பெயர் வேண்டாம் என்று எழுதியிருக்கிறார்

பார்த்தது இல்லை. கேட்டது உண்டு.

1986 ஐப்பசி. மலையடிவாரத்து ஊர் ஒன்றில் சின்ன எக்ஸ்சேஞ்ச். யாராவது ரிசீவரை எடுத்தால் போர்டில் அவர்கள் நம்பருக்கு மேல் விளக்கு எரியும். நாங்கள் கார்டை, அதாவது முனையில் பின் வைத்த ஒயரை, அந்த நம்பரில் சொருகி "நம்பர் ப்ளீஸ்" என்போம். மூன்று நாளாக அடைமழை. ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு விளக்கு எரிந்தது. அது ஒரு ரைஸ் மில்லின் நம்பர். மில்லை மூடி எட்டு மாதம் ஆகியிருந்தது. முதலாளி அங்கேதான் தூக்குப் போட்டுக்கொண்டார். லைனை இன்னும் எடுக்கவில்லை.

கூட இருந்தவள் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். கார்டைச் சொருகினேன். "நம்பர் ப்ளீஸ்." பதில் இல்லை. மழைச் சத்தம் மட்டும். ஜன்னலுக்கு வெளியே பெய்கிற மழை ஒன்று, ஹெட்போனுக்குள் பெய்கிற மழை ஒன்று, இரண்டும் வேறு வேறு. இன்னொரு தடவை கேட்டேன். யாரோ மெதுவாகத் தொண்டையைச் செருமுவது போல இருந்தது. கார்டை உருவிவிட்டேன். விளக்கு எரிந்துகொண்டேதான் இருந்தது.

காலையில் லைன்மேன் சிரித்தார். டி.பி. பெட்டியில், அதாவது தெருவில் லைன்களைப் பிரித்துவிடும் பெட்டியில், தண்ணீர் இறங்கி இரண்டு கம்பியும் ஒன்றாகிவிட்டதாம். அப்படியானால் ரிசீவரை யாரோ எடுத்தது மாதிரிதான் போர்டுக்குத் தெரியும். தொண்டைச் செருமல்? கம்பி கரகரத்திருக்கும் என்றார். 2009-இல் 'ஈரம்' படம் வந்தபோது, தண்ணீர் வழியாகப் பேய் வருகிறது என்று ஊரே ஆச்சரியப்பட்டது. நான் மட்டும் தலையாட்டிக்கொண்டேன்.

அன்று மத்தியானமே பெட்டியைக் காயவைத்துச் சரி செய்துவிட்டார்கள். அன்றைக்கும் எனக்கு நைட் டியூட்டி. அந்த விளக்கு எரியவில்லை. விடியும்வரை அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.